கட்டார் பாடம்

"கட்டார்ல எந்த இடம்?"

"தோஹாவுக்கு வெளிய. இண்டஸ்ட்ரியல் ஏரியா."

"என்ன வேல?"

"மேசனுக்குக் கையாள்."

"கஃபீல்ட பேரு?"

உசனார் வாயைத் திறந்தான், மூடினான். முகட்டைப் பார்த்தான்.

"கஃபீல்ட பேர மறந்தவன் கட்டாருக்கே போகாதவன்டா" என்றார் ஜபார். "சம்பளம் பிடிச்சி வெச்ச முதலாளிட பேர ஆராவது மறப்பானா? திருப்பிச் சொல்லு."

சிறைச்சாலையின் நலன்புரி அறையில் உடைந்த தையல் மெஷின்கள் நாலைந்து சுவரோரமாய்க் கிடந்தன. அவற்றுக்கு நடுவே இரண்டு கதிரைகள். ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் ஜபார் அங்கே வருவார். ஆமியில் இருந்து, பிறகு ஏதோ ஒரு குற்றத்துக்கு உள்ளே வந்து, இப்போது வெளியே போகும் காலம் கிட்டிய ஆட்களைத்தான் நலன்புரி அதிகாரி நஸ்லா மிஸ் அவரிடம் அனுப்புவாள். ஜபாரும் ஒரு காலத்தில் ஆமிக்காரன். ஆமியை விட்டுத் துவக்கோடு ஓடி, தன்னைப் போல ஓடிய மூன்று பேரோடு சேர்ந்து ஒரு லொறியை மறித்து, ஒன்பது வருஷம் இதே மதிலுக்குள் இருந்தவர். "மிஸ் சொன்னா இவங்களுக்கு ஏறாது, நீங்க சொன்னா ஏறும்" என்று ஐந்து வருஷத்துக்கு முன் அவள் கேட்டபோது, மாட்டேன் என்று சொல்ல அவருக்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை.

உசனாருக்கு நாற்பத்தைந்து வயது. ஆமியில் பன்னிரண்டு வருஷம், மிதிவெடி கிளப்பி எடுக்கிற பிரிவில். வெளியே வந்து ஒரு வருஷம் நிற்கவில்லை, வேலிச் சண்டையில் மண்வெட்டிப் பிடியால் அயலவனை அடித்தான், அவன் மூன்றாம் நாள் செத்துப் போனான். பதின்மூன்று வருஷம் உள்ளே. பெண்சாதி காதியாரிடம் போய் ஃபஸஹ் எடுத்துப் பிரிந்து, குருநாகல் பக்கம் வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டாள். ஆமியையும் ஜெயிலையும் கூட்டினால் கால் நூற்றாண்டு. அவ்வளவு காலமும் அந்த மனிதன் தானாக எழும்பவில்லை, தானாகப் படுக்கவில்லை. அறைக்குள் ஆர் நுழைந்தாலும் எழுந்து கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றான். அதை மறக்கடிக்க ஜபாருக்கு நாலு செவ்வாய் பிடித்தது. பஸ்ஸில் இடம் பிடிப்பது, கடையில் சாமானைத் தொட்டுப் பார்த்து வேண்டாம் என்று வைப்பது, ஒன்றுக்குப் போக ஆரிடமும் கேட்காமல் எழும்பிப் போவது என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிக் கொடுத்தார்.

கயிறு இழுக்கவும் பழக்கினார். ஜபாருக்கு மாம்புரிக் கரையில் கரைவலை வேலை. மெஷின் வைத்து வலை இழுக்கக் கூடாதென்று அரசாங்கம் சொன்ன பிறகு அங்கே ஆள் போதாது. வலைக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று இரண்டு கயிறு; இழுப்பவர்கள் கடலைப் பார்த்தபடி கயிற்றைப் பிடித்து, பின்னுக்குப் பின்னுக்கு அடிவைத்துப் போக வேண்டும். சிறைக்குள் கயிறு கொண்டு போக விடமாட்டார்கள், அதற்கு வேறு பாவனை உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் இரண்டு சாரத்தை முறுக்கி முடிந்து ஜன்னல் கம்பியில் கட்டினார்.

"பின்னால வா. பாக்காத. பாக்காம வா."

உசனார் ஒவ்வொரு அடிக்கும் குதிக்காலைத் திரும்பிப் பார்த்தான். பார்க்காத நிலத்தில் அவன் கால் வைக்கமாட்டான். ஆமி அவனுக்கு ஒழுங்காய்ப் படிப்பித்த ஒரே விஷயம் அதுதான்.

"அங்க மணல்தான்டா, ஒண்டுமில்ல."

"ஒண்டுமில்லாத இடத்திலதான் ஜபார் காக்கா அது இரிக்கிற."

சரி, கரைக்கு வந்தால் பழகிவிடும் என்று ஜபார் விட்டுவிட்டார். கட்டார் பாடத்தைத்தான் அவர் விடவில்லை. உள்ளேயிருந்து வந்தவன் என்று சொல்லிக்கொண்டு ஒரு அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்த ஒருவனை அவருக்குத் தெரியும். சாக்கு ஒன்று காணாமல் போன அன்றைக்கு அவன் பாயைத்தான் முதலில் உதறினார்கள்.

அந்தப் பாடம் அவர் உண்டாக்கியதல்ல. அவர் உள்ளே இருந்தபோது, மதுரங்குளியில் இருந்த அவருடைய மூத்த சகோதரி லெய்லா ராத்தா, மகளுக்குப் பேச வந்தவர்களிடம் தம்பி கட்டாரில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டாள். அவர் வெளியே வந்த அன்று தன் வீட்டு வாசலில் வைத்தே சொன்னாள்: "எனக்கு இன்னொரு குமர் இரிக்கு ஜபாரு. நீ கட்டார்ல இருந்து வந்து கடல் வேலைக்குப் போனதா இரிக்கட்டும்." இரண்டு குமர்களும் கரைசேர்ந்து பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகின்றன. ஜபார் இன்னும் கட்டாரில் இருந்து வந்தவர்தான். பன்னிரண்டு வருஷமாய் மாம்புரிக் கரையில் ஒருவருக்கும் வேறு தெரியாது. செவ்வாய்க்கிழமை போகிற போக்குக்கு சிலாபம் ஆஸ்பத்திரியில் சீனி வருத்தத்துக்கு கிளினிக் என்று சொல்லி வைத்திருந்தார். அந்தப் பொய்யின் தயவில் ஐந்து வருஷமாய்ச் சீனி போடாத தேத்தண்ணி குடிக்கிறார்.

பொய் கனமான சாமான் அல்ல. ஆனால் கீழே வைக்க இடம் கிடையாது. கரையோரத்தில் தான் குடியிருந்த ஓலை வாடியில் தனியே கிடக்கையில், தன்னைத் தெரிந்த ஒரு மனிதன் இந்தக் கரையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று ஜபார் நினைப்பதுண்டு. உசனாரை அவருக்குப் பிடித்துப் போனதும் அந்த நினைப்புக்கு ஒரு முகம் கிடைத்தது. முழு விடுதலைக்கு முன் ஏழு நாள் வீட்டு லீவு கொடுப்பார்கள். பொறுப்பேற்க வீடு வேண்டும், பிறகு விடுதலைக்கு வேலை தருகிறவரின் கடிதமும் வேண்டும். உசனாருக்கு வீடு இல்லை. ஜபார் தன் வாடியை எழுதிக் கொடுத்தார். தென்னம் பலகையில் இன்னொரு கட்டில் அடித்தார். கூரையில் ஒழுகின பக்கத்துக்குப் புதுக் கிடுகு வைத்தார். அவன் வந்து நின்றுவிட்டால், இனிச் சாகும்வரை வாடிக்குள்ளாவது உண்மை கதைக்கலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

*

தை மாதத்து ஒரு காலையில் உசனார் வந்து சேர்ந்தான். பொலிசில் கையெழுத்து வைத்துவிட்டு நேரே கரைக்குக் கூட்டிப் போனார்.

"எங்கட ஊர்ப்பக்கம்" என்று மன்றாடியிடம் சொன்னார். "கட்டார்ல இருந்து வந்து சும்மா நிக்கிறான். மதுரங்குளிச் சந்தியில கண்டு பிடிச்சேன்."

கடலில் வலை வளைப்பது முதல், மீன் சேர்கிற வலையின் மடி கரையில் ஏறுவது வரை ஆட்களை நடத்துகிறவர்தான் மன்றாடி. அந்த வலைக்கு யோசேப்பு. அறுபது வயது, முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். சண்டைக் காலத்தில் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்து, பாதிக் குடும்பத்தோடு தங்கிவிட்டவர். உசனாரின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கை பரவாயில்ல. வடக்குக் கயித்தில நில்லடாப்பா."

முதல் இரண்டு நாளும் ஒருவாறு ஓடின. உசனார் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பின்னடி வைத்தான். அவனுக்குப் பின்னால் நின்ற ஸஜீத்துக்குக் கயிறு ஒவ்வொரு தரமும் தொய்ந்தது. ஸஜீத்துக்கு இருபத்தைந்து வயது, வாய்க்கு ஐம்பது.

"என்ன நானா, கட்டார்ல பின்னுக்கு நடந்தா ஒட்டகம் கடிக்குமா?"

கயிறு முழுக்கச் சிரித்தது. உசனாரும் சிரித்துவைத்தான்.

"எங்கட மாமாவும் அங்கதான் இருந்த. நீங்க எந்த இடம்?"

"இண்டஸ்ட்ரியல் ஏரியா."

"கஃபீல் எப்பிடி?"

"சம்பளம் பிடிச்சி வெச்சவன்."

"அப்ப உண்மையாத்தான் போயிருக்கிறீங்க!"

தெற்குக் கயிற்றில் நின்ற ஜபாருக்கு அது காற்றோடு வந்து காதில் விழுந்தது. பிள்ளை சோதினை பாஸாகின மாதிரி இருந்தது. அன்று பின்னேரம் வாடிக்குள் அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். பிறகு ஜபார் கதைத்தார். லொறி மறித்த கதை, கூட இருந்தவர்கள் செத்த கதை, உம்மா மௌத்தானது ஒன்றரை மாதம் பிந்தித் தெரிய வந்த கதை. பன்னிரண்டு வருஷமாய் ஒருவரிடமும் சொல்லாத கதை. உசனார் காலை நீட்டிக்கொண்டு கேட்டான். இடைக்கிடை, "ஓம், எனக்கும் அப்பிடித்தான்" என்றான். 

மூன்றாம் நாள் கீரிமீன் கூட்டம் மடையாய் வந்தது. தண்ணீரின் நிறமே மாறிப் போயிற்று. யோசேப்பு கரையில் ஓடி ஓடிக் கத்தினார். மடி கிட்ட வந்துகொண்டிருந்தது. அலை அரித்துக் கரை ஒடுங்கிப் போயிருந்ததால், வடக்குக் கயிறு வழமையான தடத்தை விட்டு மேலே, அடம்பன்கொடி படர்ந்த மேட்டுக்கு ஏறியது. கொடி மூடின நிலம். அடியில் என்ன கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

உசனாரின் குதிக்காலில் ஏதோ தட்டியது. டிக் என்று ஒரு தகரச் சத்தம்.

"எப்பா! ஹெல்லென்ட எப்பா!"

அசையாதே என்று சிங்களத்தில் அவன் போட்ட சத்தத்தில் வடக்குக் கயிறு முழுவதும் நின்றுவிட்டது. அவன் கயிற்றை விட்டுவிட்டான். பின்னால் நின்றவர்கள் விழுந்தார்கள். கயிறு மணலை அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடியது. வடக்குப் பக்கம் தொய்ந்து மடி சரிய, அந்த வாயால் கீரிமீன் வெள்ளியாய்க் கொட்டிக்கொண்டு போயிற்று. தூஷணம் நாலு பக்கத்தாலும் வந்தது.

உசனாருக்கு ஒன்றும் கேட்கவில்லை. காலை எடுக்காமல் அப்படியே குந்தினான். கொடியை ஒவ்வொரு இலையாய் விலக்கினான். கைக்கெட்டிய தென்னோலையில் ஒரு ஈர்க்கை முறித்து, படுக்கைவாட்டில் சரித்துப் பிடித்து, மணலில் மெல்லக் குத்தினான். ஒரு விரல் தள்ளி மறுபடி. இன்னொரு விரல் தள்ளி மறுபடி. மூக்கு நுனியில் வியர்வை நின்றது.

ஸஜீத் அவனைப் பிடித்து இழுக்கப் போனான். யோசேப்பு கையை நீட்டி மறித்தார். அவர் அவனுடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஈர்க்கு தகரத்தில் முட்டியதும், உசனார் சுற்றிவர மணலை விரலால் அள்ளினான். பழைய மாஜரின் தகரப் பேணி ஒன்று வெளியே வந்தது. மூடி துருப்பிடித்திருந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை.

"சண்டை முடிஞ்சு ஊருக்குப் போனனான், எங்கட வளவ இப்பிடித்தான் ஒரு வருசமாக் குத்திக் குத்திப் பாத்தவங்கள்" என்றார் யோசேப்பு. "வேலிக்கு இங்கால நிண்டு ஒவ்வொரு நாளும் பாத்தனான். சரிச்சுத்தான் குத்துவாங்கள். நீ ஆமி."

உசனார் பேணியைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பினான். எழும்பியவன் கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நேரே நின்றான்.

"ஓம். மிதிவெடி கிளப்புற ஆமி."

"அப்ப கட்டார்?"

"கட்டாருக்கு நான் போகல்ல. பதின்மூண்டு வருஷம் ஜெயில். ஒருத்தன அடிச்சி, அவன் மௌத்தாகிட்டான். இப்பவும் ஜெயில்தான். ஏழு நாள் லீவுல வந்திரிக்கிறேன்."

 பிறகு, சொல்லிவைத்தது போல, அத்தனை தலையும் ஜபாரின் பக்கம் திரும்பியது.

"ஜபார் காக்கா" என்றான் ஸஜீத். "நீங்கதானே கூட்டி வந்தீங்க. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல ஒரு சொல் போதும். அதற்குப் பின்னால் எப்படித் தெரியும் என்று வரும். அதற்குப் பின்னால் செவ்வாய்க்கிழமை வரும், லொறி வரும், ராத்தாவின் வாசல் வரும். ஜபார் தெற்குக் கயிற்றை இன்னும் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு இரண்டு அடி முன்னே வந்தார்.

"அல்லாஹ் அறிய எனக்குத் தெரியாது" என்றார். "எனக்கும் கட்டார் எண்டுதான் சொன்ன. பாவம் எண்டு கூட்டி வந்தேன். இப்பிடிப்பட்டவன் எண்டு தெரிஞ்சா வாடிக்குள்ள எடுத்திருப்பேனா?"

கடைசி வசனம் தேவையே இல்லை. அது தானாக வந்தது. பொய் பழகின வாய் அளவோடு நிற்பதில்லை.

உசனார் அவரைப் பார்த்தான். அதிக நேரம் இல்லை, கண்ணிமைக்கிற நேரம்தான்.

"காக்காவுக்கு ஒண்டும் தெரியா" என்றான். "நான்தான் ஏமாத்தின."

யோசேப்பு காறி மணலில் துப்பினார்.

"எவடத்த நிண்டனி?"

"முகமாலை. சண்டை முடிஞ்ச பிறகு முல்லைத்தீவுப் பக்கம்."

"மிதிவெடிய மண்ணுக்குள்ள தாட்டும் இருக்கிறியோ, கிளப்பினது மட்டுமோ?"

உசனார் பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் எந்த மனிதனும் சொல்லியிருப்பான்.

"தாட்டும் இரிக்கிறேன்."

யோசேப்பு அவன் கையிலிருந்த பேணியை வாங்கினார். புரட்டிப் பார்த்தார். அவருடைய தம்பி ஒருவன் விறகுக்குப் போய்க் காலில்லாமல் வந்து, ஏழு மாதம் கிடந்து செத்தவன் என்று கரையில் எல்லாருக்கும் தெரியும். அவர் அடிக்கப் போகிறார் என்றுதான் ஸஜீத் நினைத்தான். ஜபாரும் அப்படித்தான் நினைத்தார். உண்மையைச் சொன்னால், அடித்து விரட்டிவிட்டால் நல்லது என்று ஜபாருக்குள்ளே ஒரு மூலை நினைத்தது.

"நாசமாப் போனவனே" என்றார் யோசேப்பு, சத்தம் போடாமல். "ரெண்டு லொறி மீனை விட்டிட்டாய். நாளைக்கு முகத்தைக் கரைக்குத் திருப்பிக்கொண்டு இழு. கயித்தைத் தோளில போட்டு, மாடு இழுக்கிற மாதிரி. அப்ப நிலம் தெரியுமெல்லோ?"

"தெரியும்."

"பிறகென்ன. போ, வலையக் கழுவு."

*

மறுநாளிலிருந்து வடக்குக் கயிற்றில் எல்லாரும் கடலைப் பார்த்து நிற்க, உசனார் ஒருவன் மட்டும் கரையைப் பார்த்து நின்றான். கயிறு தோளில், கண் மணலில். அப்படி நின்று அவன் இரண்டு ஆளுக்கு இழுத்தான். ஸஜீத் அவனுக்கு "ஆமி மாடு" என்று பேர் வைத்தான். தேத்தண்ணி வந்தால், "ஆமி மாட்டுக்கு முதல்ல குடுங்க, இல்லாட்டிக் குத்திக் குத்திப் பாக்கும்" என்றான். ஜெயிலில் என்ன சாப்பாடு, மூட்டைப்பூச்சி கடிக்குமா, பொம்பிளைகளுக்கு வேறு மதிலா என்று ஆளுக்கொரு கேள்வி. உசனார் ஒன்றையும் மறைக்கவில்லை. செத்தவனுடைய பேரைக் கேட்டபோது அதையும் சொன்னான்.

யோசேப்பு அவனோடு சிரித்ததே இல்லை. ஆனால் கிழிந்த வலை பொத்தும்போது அவனைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒருநாள் ஜபார் பின்னால் வந்தபோது, யோசேப்பு தன் வளவின் படத்தை ஈர மணலில் கீறி, மிதிவெடி இந்த மாமரத்தடியில் இருந்ததா, அந்தக் கிணற்றடியில் இருந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். உசனார் முழங்காலில் நின்று விரலால் கோடு போட்டான். ஜபாரைக் கண்டதும் இருவரும் நிமிர்ந்து, என்ன வேணும் என்பது போலப் பார்த்தார்கள். அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஜபாரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவரைப் பற்றித்தான் எல்லாம் தெரியுமே. ஏமாந்த மனிதன் என்று ஒரு இரக்கம் மட்டும் புதிதாய்ச் சேர்ந்திருந்தது. "கவலப்படாதீங்க காக்கா, உங்கட மனசு அப்பிடி" என்று ஸஜீத் தோளில் தட்டினான். அந்தத் தட்டு அடியை விட நொந்தது.

வாடிக்குள் உசனார் மரியாதையாக இருந்தான். சோறு போட்டால் சாப்பிட்டான், கோப்பையைக் கழுவி வைத்தான், லாம்பைத் துடைத்தான். கதை மட்டும் இல்லை. ஆறாம் நாள் பின்னேரம் ஜபார் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"என்னோட குறை நினைக்கிறியா?"

"இல்ல காக்கா. நீங்க சொல்லித் தந்த மாதிரித்தானே செஞ்சீங்க."

"திடீரெண்டு கேட்டாங்க. வாயில வந்துட்டுது. ராத்தாட பிள்ளைகள நினைச்சேன்."

அது பாதி உண்மை. ராத்தாவை நினைத்தது பேசின பிறகுதான்.

"விளங்குது" என்றான் உசனார். "நான் இன்னொரு விஷயம் சொல்லணும். வேலைக் கடிதம் வலைச் சொந்தக்காரர், சம்மாட்டி தாறாராம். சாஹுல் ஹமீது முதலாளியே கூப்பிட்டுச் சொன்னார், ஜெயிலுக்கே எழுதித் தாறேன் எண்டு. வெளிய வந்தா யோசேப்பண்ணன்ட வாடியில ஒரு பாய்க்கு இடம் இரிக்காம். அங்க நிக்கிறேனே."

"இங்க கட்டில் இரிக்கே."

"இரிக்கி. ஆனா இங்க நிண்டா நீங்க ஆரு எண்டு வெளிய தெரியாம நானும் பாத்துப் பாத்துக் கதைக்கணும் காக்கா. எனக்கு ஒரு பொய்யே சரிவரல்ல. ரெண்டு பேருட பொய்ய எப்பிடித் தூக்குற?"

கோபமாய்ச் சொல்லியிருந்தால் ஜபார் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பார். அவன் பாரம் தூக்குகிறவன் பாரத்தைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்.

*

ஏழாம் நாள் இருவரும் பஸ் ஏறினார்கள். சிலாபம் வரை பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அங்கே ஒரு கர்ப்பிணிப் பெண் ஏற உசனார் எழும்பி இடம் கொடுத்தான். ஆரும் சொல்லாமல், ஆரிடமும் கேட்காமல். ஜபாருக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாய்த்தான் இருந்தது. அதைச் சொல்ல அவன் இப்போது நாலு ஆள் தள்ளி நின்றான்.

நஸ்லா மிஸ் சம்மாட்டியின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"இவ்வளவு நல்ல கடிதம் நான் கண்டதில்ல. எல்லாம் தெரிஞ்சே எழுதியிருக்கிறார். இருப்பிடம் மாத்தணுமா? சரி, விடுதலைச் சபைக்கு அனுப்புறேன். மூண்டு மாசத்துக்குள்ள வந்துடும் உசனார்." அவள் படிவத்தைப் புரட்டினாள். "நீங்க தொடர்ந்து பிணையாளியா இருப்பீங்கதானே ஜபார்?"

"இருப்பேன் மிஸ்."

"அப்ப இதையும் நிரப்பணும். போன தரம் நீங்க வெறுமையா விட்டுட்டீங்க." பேனையைத் திறந்தாள். "கைதிக்கும் உங்களுக்கும் என்ன உறவு?"

ஜபார் உசனாரைப் பார்த்தார். கூட்டாளி என்று போடலாம். நானா, அண்ணன் முறை என்று போடலாம். ஒரே மதிலுக்குள் கிடந்தவர்கள் என்று போட அந்தப் படிவத்தில் இடமும் இருந்தது, கேட்கிறவளுக்கு அது தெரிந்தும் இருந்தது. உலகத்தில் அவர் உண்மையை எழுதக் கூடிய ஒரே கடதாசி அதுதான். உண்மைக்கு வாய் திறக்க அவருக்கு எப்போதும் போல ஒரு கணம் பிந்தியது.

"தெரிஞ்ச ஆள் எண்டு போடுங்க மிஸ்" என்றான் உசனார்.

அவள் போட்டாள். ஜபார் கீழே கையெழுத்து வைத்தார். சிறைக்காவலன் வந்து பேர் கூப்பிட்டான். உசனார் எழும்பி, ஒரு கையால் சாரத்தைச் சரிப்படுத்திக்கொண்டு, அவசரமில்லாமல் உள்ளே நடந்து போனான்.